கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை: ஹெட் கேஸ்கெட்தானா?

கேள்வியின் சுருக்கம்: 7 வருடம் ஓடிய பெட்ரோல் கார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியில் அரை லிட்டர் அளவுக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்தும் இடத்தில் ஈரம் எதுவும் இல்லை. இதுவரை எஞ்சின் ஓவர்ஹீட் ஆனதில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். (ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி; அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஹெட்டைக் கழற்றியபின் "கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று தெரிந்தாலும் செலவு உங்களுடையதுதான். அதற்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் அரை நாளில் முடிந்துவிடும். ஓவர்ஹீட்டே ஆகாத எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் தானாகப் போவது நடக்காத விஷயமல்ல. ஆனால் பெரும்பாலும் வெளியே எங்கோ கசிந்து, தண்ணீர் குறைந்து, எஞ்சின் கொதித்து, அதன் பிறகுதான் கேஸ்கெட் போகும். நீங்கள் அந்த வரிசையின் முதல் படியில் இருக்கிறீர்கள் என்றுதான் அறிகுறிகள் சொல்கின்றன.

முதலில், குறைவது உண்மைதானா என்று பாருங்கள். கூலன்ட் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். ஒரு நாள் சூடாகவும் இன்னொரு நாள் ஆறிய பிறகும் பார்த்தால் கணக்கு தப்பும். இரவு முழுக்க நின்ற காரில், காலையில், சமதளத்தில், தொட்டியின் பக்கவாட்டில் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தாலோ ஹோஸ் கழற்றியிருந்தாலோ உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை ஒன்றிரண்டு முறை மட்டம் இறங்கும், அது கசிவல்ல. அதற்குப் பிறகும் இறங்கினால் கசிவுதான். கூலன்ட் சுற்று மூடிய சுற்று. எஞ்சின் ஆயிலைப் போல "கொஞ்சம் குடிக்கும்" என்று இதற்குச் சொல்லவே முடியாது.

இன்னொன்று. உங்கள் காரில் மூடி ரேடியேட்டரில் இருக்கிறதா, பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரில் அழுத்த மூடி இருக்கும் வகையில், பக்கத்துத் தொட்டி வழிந்ததைப் பிடிக்கும் பாத்திரம் மட்டுமே. தொட்டி நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். இந்த வகைக் காரில் எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து, கழுத்துவரை கூலன்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கீழே சொட்டு ஏன் விழவில்லை? காரணம் எளிது. ஓடும்போது இந்தச் சுற்றில் ஒரு பார் அளவு கூடுதல் அழுத்தம் நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் திறக்கும் மயிரிழை விரிசல், எஞ்சின் ஆறி அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். வெளியே வந்த துளி, 90 டிகிரிச் சூட்டில் இருக்கும் உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடும். மீதி இருந்தால் எஞ்சினுக்குக் கீழே மூடியிருக்கும் தட்டில் தேங்கும். தண்ணீர்தான் ஆவியாகும், அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் ஆவியாகாது. எனவே ஈரத்தைத் தேடாதீர்கள், தடத்தைத் தேடுங்கள்: வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் காய்ந்த படிவு. பெரும்பாலும் அது இருக்கும் இடத்திலோ அதற்கு மேலேயோதான் கசிவு.

சோதனைகளில் முதன்மையானது பிரஷர் டெஸ்ட். சைக்கிள் பம்ப் போன்ற கைப்பம்பு, ஒரு மீட்டர், உங்கள் கார் மூடிக்குப் பொருந்தும் அடாப்டர், இவ்வளவுதான் கருவி. ஆறிய எஞ்சினில், மட்டத்தைச் சரிசெய்து, மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அடாப்டரைப் பூட்டி அழுத்தம் ஏற்ற வேண்டும். எவ்வளவு? மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அளவு, அதற்கு மேல் வேண்டாம். 1.1 என்றிருந்தால் பார், 110 என்றிருந்தால் கிலோபாஸ்கல், 16 என்றிருந்தால் பி.எஸ்.ஐ, மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஏற்றிவிட்டு 20 நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால், சூடான எஞ்சினிலும் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும் (இதை மெக்கானிக்கிடம் விடுங்கள், சூட்டோடு மூடியைத் திறப்பது உங்கள் வேலையல்ல). முள் இறங்கினால் டார்ச் எடுத்துத் தேட வேண்டியதுதான்.

எங்கே தேடுவது? ரேடியேட்டரில் அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் ஓரத் தொட்டியும் மடித்துச் சேரும் விளிம்பைப் பாருங்கள். பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், உள்ளிருக்கும் ரப்பர் சீல் இறுகிப்போகும். பிறகு தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகத் திறக்கும் வால்வு) உட்காரும் பிளாஸ்டிக் கூடு, அதன் மடிப்பு ஓரங்கள். ஹோஸ்களில் நடுப்பகுதியைவிட கிளிப் பிடிக்கும் முனைகள்தான் பிரச்சினை; விரலால் அழுத்தினால் கறுமுறு என்று ஒலித்தால் அந்த ஹோஸின் காலம் முடிந்துவிட்டது.

வாட்டர் பம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பின் உடலில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள் சீல் தேயும்போது கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியேறும். அங்கே லேசான கறை மட்டும் இருந்தால் பயமில்லை. நீளமாக வழிந்து காய்ந்த கோடு இருந்தால் பம்ப் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உங்கள் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுற்றுகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. கூலன்ட் பட்டு பெல்ட் கெட்டாலோ, பேரிங் பிடித்து பெல்ட் பல் தாவினாலோ, பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்போது கேஸ்கெட் செலவு சின்னதாகத் தெரியும்.

காருக்குள்ளேயும் கசியலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும், உள்ளே சூடான காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகினால் உள்ளே ஒருவித இனிப்பு வாடை வரும், முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கோடு மங்கும், முன் இருக்கைகளின் கால்பக்கத்து விரிப்புக்கு அடியில் ஈரம் இருக்கும். விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். வாடையும் வழுவழுப்பும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் அது ஏசி வடிகுழாய் அடைத்ததாக இருக்கும்.

மூடியை யாரும் சந்தேகிப்பதே இல்லை. அதற்குள் இரண்டு வால்வுகள். ஒன்று, குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் திறப்பது. இன்னொன்று, ஆறும்போது உள்ளே உருவாகும் வெற்றிடத்தை நிரப்பத் திறப்பது. சரிபாதி கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும்; 1.1 பார் மூடிக்குக் கீழே அது 130-ஐ ஒட்டிப் போகும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி பாதி அழுத்தத்திலேயே திறந்து ஆவியாக விட்டுவிடும், கீழே ஒரு சொட்டும் விழாது. உங்கள் அறிகுறிக்கு இதுவும் அப்படியே பொருந்துகிறது. அதே கைப்பம்பில் மூடியைப் பூட்டியும் சோதிக்கலாம். மாற்றினால் அதே எண் உள்ள மூடியைத்தான் போட வேண்டும். "பெரிய எண் இன்னும் நல்லது" என்று போட்டால் பலவீனமான ஹோஸ்தான் முதலில் வெடிக்கும். ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்ளே ஒட்டிப்போய்த் தட்டையாக இருந்தால் இரண்டாவது வால்வு சிக்கியிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு தேடியும் வெளியே எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால், அப்போது ஹெட் கேஸ்கெட் பேச்சை எடுக்கலாம். அதற்கும் ஹெட்டைக் கழற்றாமலே சாட்சி கிடைக்கும்.

முதல் சாட்சி நீல திரவச் சோதனை. எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிந்தால் தொட்டியின் மேல்பகுதிக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சேரும். அந்தக் காற்றை நீல திரவம் வழியாக உறிஞ்சினால், பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாக மாறும். எஞ்சின் முழுச் சூட்டில், தெர்மோஸ்டாட் திறந்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓட வேண்டும். கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். குழாய்க்குள் கூலன்ட் ஏறினால் திரவம் கெட்டுச் சோதனையே வீண். நிறம் மாறாவிட்டால் உடனே நிம்மதி அடையவும் வேண்டாம். சின்னக் கசிவு பாரம் ஏறும்போதுதான் காட்டும். ஒரு நல்ல மேட்டில் ஓட்டிவிட்டு வந்து மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது சாட்சி ஸ்பார்க் பிளக் துளை. சுற்றில் அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரமோ இரவு முழுக்கவோ விட்டுவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, சிறு கேமரா விட்டு ஒவ்வொரு பிஸ்டன் தலையையும் பார்ப்பது. மூன்றில் கரி படிந்து, ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோல் பளபளவென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது பிளக்குகள் இருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும்.

சாட்சி என்று பலர் காட்டும் சிலவற்றை அப்படியே நம்பக்கூடாது. ஆயில் மூடியின் அடியில் மயோனைஸ் மாதிரி ஒட்டியிருப்பது, குட்டிக் குட்டிப் பயணம் மட்டுமே போகும் காரில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் ஈரம் தங்குவதாலும் வரும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் கவலை. அப்போதும் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஹெட்டுக்குப் போக வேண்டும். காலைக் குளிரில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால்தான் குறி. தொட்டியில் குமிழி வருவது ஏர் லாக்காகவும் (உள்ளே சிக்கிய காற்று) இருக்கலாம். ஆனால் இரவு முழுக்க நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டால், அதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம்.

சாட்சி உறுதியாகி ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்றால், வேலைக்கு முன்பே சிலவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். ஹெட்டின் அடித்தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்க வேண்டும். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு வரம்பு 0.05 மி.மீ. போலத்தான் இருக்கும், உங்கள் எஞ்சினின் எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். விரிசலுக்கு ஹெட்டைத் தனியாக அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். குறித்த முறுக்கு விசையில் (டார்க்) இறுக்கியபின் டிகிரி கணக்கில் மேலும் திருப்பும் வகை ஹெட் போல்ட்டுகள் நீண்டு இறுகுபவை. பழையதை மறுபடி போட்டால் பிடிமானம் இருக்காது, புதிது வாங்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது எப்படியும் கழன்றிருக்கும், எனவே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் அதே கூலியில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

அதுவரை ஓட்டலாமா? வெள்ளைப் புகை இல்லை, ஆயில் சுத்தம், காலையில் நடுங்காமல் ஸ்டார்ட் ஆகிறது என்றால், தினமும் காலையில் மட்டம் பார்த்துவிட்டு ஓட்டலாம். மீட்டர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். பல கார்களில் முள், சுமார் 75 முதல் 105 டிகிரிவரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது அசையும்போது நேரம் கடந்திருக்கும். காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு புளூடூத் கருவி வாங்கினால் மொபைலிலேயே உண்மையான வெப்பநிலை தெரியும். இதிலும் ஒரு சூட்சுமம்: கூலன்ட் மொத்தமாகப் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், அப்போது எண் திடீரென்று இறங்கியும் காட்டலாம். சூடு ஏறி வந்து சட்டென்று விழுந்தால் நல்ல செய்தி என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டுங்கள்.

எண் 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனை முழு வேகத்திலும் வைத்தபடியே நிறுத்த இடம் பாருங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினை அணைத்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

மட்டம் குறையும்போது ஊற்றுவதற்கு, ஏற்கெனவே உள்ள அதே ரகக் கூலன்ட். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கார் கையேட்டில் போட்டிருக்கும் தரக் குறியீட்டைப் பாருங்கள். கலக்க வேண்டிய வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் துருத் தடுப்பு நீர்த்துப்போய், இன்றைய ஒரு கசிவு நாளைக்கு மூன்றாகும். கசிவை அடைக்கும் பொடி, திரவம் என்று விற்பதை ஊற்ற வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். அடுத்து வரும் மெக்கானிக்குக் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

எனவே மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: "பிரஷர் டெஸ்ட் பண்ணீங்களா? எத்தனை பார், எவ்வளவு நேரத்துல எவ்வளவு இறங்கிச்சு? நீல டெஸ்ட்ல கலர் மாறிச்சா?" மூன்றுக்கும் பதில் வந்தால் அவர் சொல்வதைக் கேட்கலாம். "அனுபவத்துல சொல்றேன்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், கைப்பம்பு வைத்திருக்கும் இன்னொரு கடையைப் பாருங்கள்.