வண்டி உதறுதா? எப்போ உதறுதுன்னு முதல்ல சொல்லுங்க: பிக்கப் கேள்வி பதில்

கியர்பாக்ஸ், அதுலேர்ந்து பின்பக்கத்துக்கு சுழற்சியைக் கொண்டுபோற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின் சக்கரங்களுக்கு நடுவுல கியர் இருக்கிற ஹவுசிங். இந்த மூணும்தான் என் ஏரியா. 22 வருஷமா இதைத்தான் இறக்கி ஏத்திட்டு இருக்கேன். இன்னைக்கு பிக்கப்புல வர்ற உதறல் பத்தி மட்டும் கேளுங்க. ஒரே ஒரு வேண்டுகோள். "வண்டி உதறுது"ன்னு மொட்டையா எழுதாதீங்க. என்ன வேகம், எந்த கியர், ஆர்.பி.எம். எவ்வளவு, அந்த நேரத்துல கால் ஆக்ஸிலரேட்டர்ல இருந்துச்சா இல்லையா, இந்த நாலையும் சொல்லுங்க. வயித்து வலின்னு போனா எந்தப் பக்கம்னு டாக்டர் கேக்குறார் இல்லையா, அது மாதிரிதான்.

டபுள்கேப்: ஆட்டோமேட்டிக் வண்டி, 90,000 கி.மீ. ஓடியிருக்கு. 60, 70 வேகத்துல லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் போறப்போ, ரோட்டுல வரிவரியா போட்ட பட்டை மேல ஏறின மாதிரி ரெண்டு செகண்ட் கடகடன்னு உதறி நின்னுடுது. ஆர்.பி.எம். 1,400 பக்கம் இருக்கும். ஒருத்தர் ப்ளக்னு சொல்லி மாத்தினார். இன்னொருத்தர் வீல் பேலன்ஸ்னார். ரெண்டும் பண்ணியாச்சு, உதறல் அப்படியே இருக்கு.

இப்படித்தான் கேக்கணும். நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா எனக்கு முதல் சந்தேகம், இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற டார்க் கன்வெர்ட்டரோட லாக்-அப் கிளட்ச் மேலதான். காசு செலவில்லாம ஒரு டெஸ்ட் சொல்றேன். பின்னாடி வண்டி வராத, நேரான ரோடா பாருங்க. உதறல் ஆரம்பிச்சதும் வலது காலை ஆக்ஸிலரேட்டர்ல அப்படியே வெச்சுக்கிட்டு, இடது காலால பிரேக் பெடலை சும்மா தொடுங்க. பிரேக் பிடிக்கவே வேண்டாம், பின்னாடி லைட் எரிஞ்சா போதும். பெரும்பாலான வண்டியில பிரேக் சுவிட்ச் வேலை செஞ்ச உடனே லாக்-அப் விடுபட்டுடும். தொட்ட நிமிஷமே உதறல் நின்னா அந்த கிளட்ச்தான். நிக்காம தொடர்ந்தா இன்ஜின் மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல எரிபொருள் சரியா எரியாம போறது) பக்கம் போகணும். இந்த ரெண்டும் சீட்ல உக்காந்திருக்கிறவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனாலதான் ப்ளக், காயில்னு மாத்திக்கிட்டே போவாங்க.

உதறல் எதனாலன்னு சொல்றேன். கன்வெர்ட்டருக்குள்ள இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில்தான் இணைக்குது, அதுல கொஞ்சம் நழுவல் எப்பவும் இருக்கும். சீரான வேகத்துக்கு வந்ததும் எரிபொருள் மிச்சம் பண்ண ஒரு கிளட்ச் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த கிளட்ச் மெதுவா வழுக்கிட்டே பிடிக்கணும். அதுக்குன்னே ஆயில்ல ஒரு ரசாயனம் கலந்திருப்பாங்க. சூட்டுலயும் ஈரத்துலயும் அது செத்துப்போனா கிளட்ச் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். நாற்காலியைத் தரையில இழுத்தா வழுவழுன்னு வராம கிறீச் கிறீச்னு துள்ளித் துள்ளி வருமே, அதே விஷயம்தான் இங்க செகண்டுக்குப் பல தடவை நடக்குது.

ஈரம்னு சொன்னதை லேசா எடுத்துக்காதீங்க. 2015-க்கு அப்புறம் வந்த ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்புகள்ல 8எல்90ன்னு ஒரு 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் இருக்கு. அதுல இதே உதறல் பெரிய தலைவலியா ஆச்சு. முதல்ல ஊத்தின ஆயில் ஈரத்தை இழுத்துக்குதுன்னு சொல்லி, கம்பெனியே வேற ஆயிலுக்கு மாறச் சொன்னாங்க. நிறைய வண்டி அதுலயே சரியாச்சு.

டெஸ்ட்ல லாக்-அப்னு தெரிஞ்சா, ஸ்கேனர் போட்டு கன்வெர்ட்டர் ஸ்லிப் ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் வேகத்துக்கும் கியர்பாக்ஸுக்குள்ள போற வேகத்துக்கும் உள்ள வித்தியாசம், அதை ஓட்டிக்கிட்டே பாருங்க. லாக் ஆனப்புறம் அந்த எண் ஒரே இடத்துல அடங்கி நிக்கணும். உதறுற நேரத்துல மேலயும் கீழயும் ஆடினா சந்தேகமே வேண்டாம். அப்புறம் மேனுவல்ல எந்த ஸ்பெக் போட்டிருக்கோ அதே ஆயில். "எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்"னு டப்பாவுல எழுதினது வேண்டாம். டெஸ்டைப் பண்ணிட்டு வந்து சொல்லுங்க.

மலைப்பாதை: எனக்கும் உதறுது சார், என்னவா இருக்கும்?

மேல நாலு கேள்வி கேட்டிருக்கேன்.

தூக்கியவண்டி: பின்னாடி ஸ்பிரிங் பட்டைக்கு அடியில பிளாக் வெச்சு வண்டியை இரண்டரை இன்ச் தூக்கினேன். அன்னையிலிருந்து நின்ன இடத்துலேர்ந்து கிளம்பறப்போ 0 முதல் 30 வரைக்கும் சீட்டுக்கு அடியில தடதடன்னு வருது. லோடு ஏத்தினா குறையுது. வேகம் எடுத்தா காணோம்.

லோடு ஏத்தினா குறையுதுன்னு கவனிச்சீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. லோடு ஏறினா பின்பக்கம் உக்காருது, ஷாஃப்ட் கோணம் பழைய நிலைக்குத் திரும்புது.

ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் கூட்டல் குறி மாதிரி கிராஸ் இருக்கே, அந்த ஜாயிண்ட் வளைஞ்சு சுத்தும்போது ஒரே சீரா சுத்தாது. உள்ள வர்ற பக்கம் சமமா சுத்தினாலும், வெளிய போற பக்கம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடி ரெண்டு தடவை குறையும். 3 டிகிரிக்குள்ள இருந்தா இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 10 டிகிரி போனா ஒண்ணரை சதவீதம் வரைக்கும் மேலயும் கீழயும் ஆடும். முன் ஜாயிண்ட் பண்ற தப்பைப் பின் ஜாயிண்ட் எதிர்த்திசையில பண்ணி அடிச்சிடணும். அதுக்கு ரெண்டு கோணமும் சமமா இருக்கணும், ஷாஃப்ட்டோட ரெண்டு யோக்கும் (கிராஸைப் பிடிச்சிருக்கிற கவை) ஒரே நேர்கோட்டுல இருக்கணும். பிளாக் வெச்சதுல உங்க கோணம் கூடிப்போச்சு. கிளம்பற நேரத்துல இழுவையால பட்டை முறுக்கி பினியன் (ஷாஃப்ட் போய் மாட்டுற ஹவுசிங் கியர்) மூக்கு இன்னும் மேல தூக்குது. அந்த 0 முதல் 30 வரைக்கும் வர்ற தடதட அதுதான்.

கோணம் காட்டுற கருவி, இல்லேன்னா போனையே வெச்சு, கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்ட், பினியன் மூணையும் அளங்க. வண்டி நாலு டயர்லயும் சமதரையில நிக்கணும். ஜாக்கியில தூக்கி அளந்தா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவும் கூடாது, ஸ்டாண்டு வைங்க. இதை இன்னைக்கு பத்து தடவை சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஷிம் வெச்சு பினியன் கோணத்தைச் சரி பண்ணலாம். உங்களோடது ரெண்டு துண்டு ஷாஃப்ட்னா நடுவுல சென்டர் பேரிங் இருக்கும். அதோட ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு கையால மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. அதோட பிராக்கெட்டைக் கொஞ்சம் கீழ இறக்கினாலே பல வண்டி அடங்கிடும்.

அப்படியே கிராஸ் மூடியோட ஓரத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. செங்கல் பொடி மாதிரி சிவப்பா தூள் படிஞ்சிருந்தா உள்ள ஊசி பேரிங் கிரீஸ் இல்லாம துருப்பிடிச்சு அரைபடுதுன்னு அர்த்தம். கையால ஆட்டினா ஆட்டம் தெரியாமலும் இருக்கும், ஏமாந்துடாதீங்க. ஷாஃப்ட்டைக் கழட்டி கிராஸை விரலால நாலு பக்கமும் மடக்கிப் பாருங்க. ஒரு இடத்துல டக்குனு மாட்டி நின்னா அது முடிஞ்சுபோச்சு.

கழட்டறதுக்கு முன்னாடி ஃப்ளாஞ்சுலயும் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டுற தட்டு) ஷாஃப்ட்லயும் பெயிண்ட் அடையாளம் வெச்சுடுங்க. ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல் பல்லா நுழையற ஸ்ப்ளைன் இடத்துலயும் வைங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்ப மாட்டணும்.

நெடுஞ்சாலை: 90-க்கு மேல போய் பிரேக் பிடிச்சா மட்டும் ஸ்டீயரிங் ஆடுது.

பிரேக் டிஸ்க். என் ஏரியா இல்ல.

கிளட்ச்ராசு: மேனுவல் வண்டி. காலையில முதல் ரெண்டு மூணு தடவை மட்டும் ஃபர்ஸ்ட்லயும் ரிவர்ஸ்லயும் கிளட்ச் விடும்போது உதறுது. அப்புறம் நாள் பூரா ஒண்ணுமில்ல.

ராத்திரி ஈரத்துல ஃப்ளைவீல் மேல லேசா துரு படிஞ்சிருக்கும், ரெண்டு தடவை உரசினா போயிடும். விட்டுடுங்க. நாள் பூரா உதறினாத்தான் கவலைப்படணும். அப்போ கிளட்ச் பிளேட்ல ஆயில் பட்டிருக்கான்னு பாருங்க. இன்ஜின் பின் சீல் கசிஞ்சா அங்கதான் வந்து சேரும். சீலை மாத்தாம பிளேட்டை மட்டும் மாத்தினா மறுபடி அதே கதைதான். இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் பார்த்துட்டு கியர்பாக்ஸை இறக்குங்க.

நாலுசக்கரம்: வளைவுல திரும்பும்போது வண்டி முழுக்க இழுத்து இழுத்து உதறுது. மெதுவாப் போனாத்தான். 4எச்-ல (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) ஓட்டுறேன், ரோடு வழுக்காம பிடிப்பா இருக்கட்டும்னு.

காய்ஞ்ச தார் ரோட்டுலயா? உடனே 2எச்-க்கு (ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) மாத்துங்க. உங்களோடது பார்ட் டைம் 4x4-ஆ இருந்தா நடுவுல டிஃபரன்ஷியல் (முன்னையும் பின்னையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் ஓடணும், ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டையும் ஒரே வேகத்துல கட்டிப் போட்டிருக்கு. சேறு, மணல்னா டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கும். தார் ரோட்டுல வழுக்க இடமில்ல, அதனால ஷாஃப்ட், கியர் எல்லாம் முறுக்கிக்குது. நீங்க உதறல்னு சொல்றது அந்த முறுக்கு விடுபடற சத்தம். 2எச்-லயும் அதே உதறல் வந்தா திரும்ப எழுதுங்க.

ஸ்மூத்ரைடு: உதறலுக்கு ஒரு சின்ன பாட்டில் விக்கிறாங்களே, கியர்பாக்ஸ்ல ஊத்தினா சரியாயிடுமா?

லாக்-அப் உதறல் சில நாள் அடங்கலாம், ஏன்னா அதுல இருக்கிறதும் அந்த வழுக்கு ரசாயனம்தான். ஆனா செத்த ஆயில் உள்ளேயே இருக்கு. எதுனாலன்னு தெரியாம பாட்டிலை ஊத்தினா அடுத்து பார்க்க வர்றவனுக்குத் தடயம் அழிஞ்சுபோகும். ஒரே விதிவிலக்கு, லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம தடுக்கிற அமைப்பு) இருக்கிற பின் ஹவுசிங். அதுல ஆயில் மாத்தினப்புறம் மெதுவா திரும்பும்போது கடகடன்னா, மேனுவல் சொல்ற சேர்மானம் போடத்தான் வேணும்.

வெள்ளைவண்டி: 1,60,000 கி.மீ. ஆச்சு, ஆட்டோமேட்டிக் ஆயில் மாத்தினதே இல்ல. இப்போ மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. லேசா உதறல் ஆரம்பிச்சிருக்கு.

கியர் நழுவாம விழுதுன்னா, ஆயில் கருகின வாசம் வரலேன்னா, மாத்துங்க.

பழையகை: தம்பி, தப்பா வழி காட்டாதீங்க. ஆயில் மாத்தின அடுத்த வாரமே நின்னுபோன வண்டி மூணு என் கையாலயே இறக்கியிருக்கேன். பழைய ஆயில்ல மிதக்கிற கிளட்ச் தூள்தான் பிடிப்பைக் கொடுக்குது.

அண்ணே, அந்த மூணு வண்டியும் எதுக்காக ஆயில் மாத்த வந்துச்சு? ஏற்கனவே நழுவ ஆரம்பிச்சதாலதானே? உயிர் போற நேரத்துல வாயில தண்ணி ஊத்தினவன் மேல பழி போடற கதை இது. தூள்ல பிடிப்பு இல்ல, அது ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற வால்வ் பாடியில போய் மாட்டிக்கிற குப்பை.

பழையகை: அப்போ மெஷின் போட்டு ஃப்ளஷ் பண்ணதும் அடைச்சுக்கிட்டதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

அதுக்கு உங்க பக்கம்தான் நிப்பேன். கரைப்பானை உள்ள விட்டு, அழுத்தம் கொடுத்து, அடியில அமைதியா படுத்திருந்த அழுக்கையெல்லாம் எழுப்பி விடற வேலை எனக்கும் பிடிக்காது. நான் சொல்றது வடிச்சு ஊத்தறது. 12 லிட்டர் பிடிக்கிற கியர்பாக்ஸ்ல அடியில இருக்கிற பான் (ஆயில் தட்டு) கழட்டினா 5 லிட்டர்தான் வடியும், மிச்சம் கன்வெர்ட்டர்ல நிக்கும். ஒரு தடவை மாத்தினா பழசு 58 சதவீதம் மிச்சம். கொஞ்சம் ஓட்டிட்டு ரெண்டாவது தடவை மாத்தினா 34. மூணாவதுல 20. கியர்பாக்ஸுக்கு எந்த அதிர்ச்சியும் இல்ல. முதல் தடவை பானைக் கழட்டும்போது காந்தத்தைத் துடைச்சுப் பாருங்க. சாம்பல் நிறத்துல மாவு மாதிரி இருந்தா சாதாரணம். இரும்புச் சில்லு கையில குத்தினா ஆயில் செலவு வேண்டாம், பிரிக்கிற செலவுக்குத் தயாராகுங்க.

பழையகை: வடிச்சு ஊத்தறதுன்னா சரி. முதல்லயே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளைவண்டி: அண்ணன்களா, நான் மாத்தவா வேண்டாமா?

மூணு தடவை, வடிச்சு ஊத்துங்க. ரேடியேட்டர்ல தண்ணி குறையுதான்னும் பாருங்க. ஆயில் பால் கலந்த மாதிரி வெளிறின ரோஸ் நிறத்துல இருந்தா கூலன்ட் உள்ள போயிருக்கு. அது கிளட்ச் லைனிங்கையே உரிச்சுடும். அப்போ நானும் அண்ணனும் சண்டை போட்டே பிரயோஜனமில்ல.

கருப்புகேப்: 65 வேகத்துல லேசா கால் வெச்சா கடகடன்னு...

முதல் பதில். பிரேக் டெஸ்ட்.

ஆறாவதுகியர்: 100-ல சீட் கிறுகிறுன்னு அதிருது. டயர் மூணு தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு.

டயர் அதிர்வுன்னா மெதுவா ஆடும், ஷாஃப்ட்னா வேகமா அதிரும். கணக்கு போட்டுடலாம். 75 செ.மீ. விட்டமுள்ள டயர் 100 வேகத்துல செகண்டுக்கு 12 தடவை சுத்தும். ஹவுசிங் ரேஷியோ 4.1-ன்னா, அதாவது டயர் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.1 சுத்து சுத்தினா, ஷாஃப்ட் செகண்டுக்கு 48 தடவை சுத்தும். ஜாயிண்ட் கோணத்தால வர்றது அதுக்கும் இரட்டிப்பு, 96. அதிர்வு அளக்கிற ஆப் போன்ல இருக்கு, சீட் தண்டவாளத்து மேல போனை வெச்சு எண்ணைப் பாருங்க. 12 வந்தா டயர் இல்லேன்னா ரிம். 48 வந்தா ஷாஃப்ட் பேலன்ஸ், ஒட்டின எடைத் தகடு விழுந்திருக்கும், இல்லேன்னா குழாய்ல எங்கயோ அடி வாங்கி நெளிஞ்சிருக்கும். கிறுகிறுன்னு சொல்றதை வெச்சு எனக்கு 48 மேலதான் கண்ணு.

டபுள்கேப்: அண்ணா, பிரேக்கைத் தொட்ட உடனே சுவிட்ச் போட்ட மாதிரி நின்னுடுச்சு. நாலு தடவை பார்த்தேன்.

அப்போ ப்ளக் மாத்தினது வீண் செலவு. ஆயில் மாத்திட்டு ஒரு சில நூறு கி.மீ. ஓட்டுங்க, புது ஆயில் கிளட்ச்ல ஊற நேரம் வேணும். அதுக்கப்புறமும் உதறினா கன்வெர்ட்டர் மாத்தணும். அதை மாத்தும்போது கூலர் லைனையும் கழுவச் சொல்லுங்க, இல்லேன்னா பழைய தூள் புது கன்வெர்ட்டருக்குள்ள போய் உக்காந்துக்கும்.

தூக்கியவண்டி: அண்ணா, ஷாஃப்ட்டைக் கழட்டி கிராஸ் மாத்தி மாட்டிட்டேன். கிளம்பற உதறல் குறைஞ்சது, ஆனா இப்போ 80-ல புதுசா ஒரு அதிர்வு. அடையாளம் வைக்க மறந்துட்டேன்.

எதிர்பார்த்தேன். முதல்ல ஸ்ப்ளைனைப் பாருங்க, ரெண்டு யோக்கும் ஒரே கோட்டுல இருக்கான்னு. ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் அதிரும். அது சரியா இருந்தா, பின் ஃப்ளாஞ்ச்ல நாலு போல்ட்டையும் கழட்டி ஷாஃப்ட்டை அரை சுத்து திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்க. குறைஞ்சா அதுதான் பழைய இடம். குறையலேன்னா கழட்டி பேலன்சிங்குக்கு அனுப்புங்க, இந்தத் தடவை பெயிண்ட் வெச்சுட்டு.