பியர் (peer) ஊழியர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவா?

கேள்வி: பெங்களூரு சிவாஜிநகரில் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அதே தொழில் தெரிந்து, சக தொழிலாளர்களிடையே எச்ஐவி தடுப்பு வேலை செய்பவர்களைப் பியர் என்கிறோம். நன்கொடை தரும் கம்பெனிக்காரர்கள், "ஆணுறை, எச்ஐவி பரிசோதனை சரி. பியர்களுக்கு மதிப்பூதியம், சென்டர் வாடகை, கூட்டச் செலவெல்லாம் எதற்கு? வெட்டுங்கள்" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

பதில்: அவர்கள் கேட்பதில் தப்பில்லை. செலவை எதால் வகுக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. ஆணுறை எண்ணிக்கையால் வகுத்தால், பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போவதுதான் மலிவு. தடுத்த தொற்றுகளால் வகுத்தால் கணக்கே மாறிவிடும்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம், கர்நாடகத்திலேயே இருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் தொடங்கிய ஆவஹான் என்ற எச்ஐவி தடுப்புத் திட்டம் நடந்த பெலகாவி, பெல்லாரி மாவட்டங்களில், வழக்கமான சேவைக்கு மேல் பாலியல் தொழிலாளர்களை அணிதிரட்ட மட்டும் ஆன கூடுதல் செலவைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். 2004 முதல் 2011 வரை பெலகாவியில் சுமார் 3,07,700 டாலர். அதனால் தவிர்த்த தொற்றுகள் சுமார் 1,257. பெல்லாரியில் 5,92,900 டாலர், 2,775 தொற்றுகள். வகுத்தால் தொற்று ஒன்றுக்கு முறையே 245, 214 டாலர் வாக்கில் வருகிறது. தொற்றியவருக்கோ எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். தொற்றைத் தடுத்ததால் அந்தச் செலவு மிச்சமானதையும் சேர்த்தால் போட்ட பணத்தைவிட மிச்சமாவதே அதிகம் என்றது ஆய்வு.

ஆனால் இவை கணித மாதிரி வைத்துப் போட்ட மதிப்பீடுகள். "நாங்களும் இத்தனை தொற்றைத் தடுத்தோம்" என்று எழுதிவிடாதீர்கள், ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். உங்களால் காட்ட முடிந்ததைக் காட்டுங்கள்: பதிவானவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்கு வந்தார்கள், பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேர் மாத்திரையை விடாமல் எடுக்கிறார்கள்.

அரசின் எச்ஐவி தடுப்புத் திட்டத்தின் கணக்கில் ஒரு பியரின் பொறுப்பில் சுமார் 60 பேர். மெஜஸ்டிக் பக்கம் நிற்கும் தர்மபுரிப் பெண்ணிடம், "அக்கா, ரிப்போர்ட் வாங்கியாச்சா?" என்று தமிழில் கேட்க அதே தொழில் தெரிந்த ஒருத்தி வேண்டும். கோட்டு போட்டவர் கேட்டால் அந்தப் பெண் நகர்ந்துவிடுவார். இப்போது பலர் தெருவில் நிற்பதே இல்லை, தொழிலெல்லாம் போனில்தான். அவர்களைத் தேடிப் பிடிக்க ஆளுக்கு ஆகும் செலவு கூடத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம்.

அப்புறம் போலீஸ். கைப்பையில் ஆணுறை இருப்பதையே சாட்சியாகக் காட்டி ஒரு பெண்ணைப் பிடித்தால், மறுநாள் அவர் ஆணுறை இல்லாமல்தான் கிளம்புவார். இரவு 11 மணிக்குப் போன் வந்ததும் பியர் ஸ்டேஷனுக்கு ஓடுவது இதற்காகத்தான். அந்த ஆட்டோ காசை 'இதர செலவு' என்று எழுதியிருப்பீர்கள், கம்பெனிக்காரர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். இந்த மாதத்திலிருந்து 'நெருக்கடி உதவி' என்று தனித் தலைப்பில், தேதியோடு எழுதுங்கள்.