பேலர் கம்பி ஒடிவதும் செயின் தேய்வதும்

ஈரோடு மாவட்டத் தடப்பள்ளி வாய்க்கால் பாசன வயலில் வைக்கோல் கட்டும்போது, வைக்கோலை வாரிக் கட்டாகக் கட்டும் இயந்திரமான பேலரில், வைக்கோலை வாரி உள்ளே தள்ளும் பிக்கப் கம்பிகள் ஒடிகின்றன, செயினும் சீக்கிரம் தேய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கம்பி மேல் பழி போடாதீங்க அண்ணா. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், அதுவே இரும்பை அரம் மாதிரி ராவும். அப்புறம், அறுவடை வண்டி ஓடிய ஈர வயலில் தடம் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். கம்பி தரையைத் தொட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். எங்கள் வயலில் ஒரு கட்டைப் பிரித்தபோது நடுவிலிருந்து ஒரு கைப்பிடி மண் கொட்டியது! மாடு எப்படித் தின்னும்?

பிக்கப்பை இரண்டு மூன்று விரல் உயர்த்துங்கள். கொஞ்சம் வைக்கோல் நின்றால் நிற்கட்டும். பனி நன்றாகக் காய்ந்தபின் வண்டியை இறக்குங்கள். செயினைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். சுமை மீறினால் தான் ஒடிந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும் ஷியர் போல்ட் ஒடிகிறதே என்று கெட்டியான போல்ட்டை மட்டும் மாட்டிவிடாதீங்க, அடுத்து கியர்பாக்ஸ்தான் போகும்.