பழைய பாகங்களில் கணினி: கடலோரத்தார் கேள்விகளும் பதில்களும்

பரமக்குடி வாசகர்: கல்லூரிப் படிப்புக்காகக் குறைந்த செலவில் கணினி சேர்க்க வேண்டும். எந்தத் தலைமுறைப் பாகங்கள் போதும்?

பதில்: இன்டெல் ஐ5-4590 பிராசசரும் எச்81 மதர்போர்டும் இணைய வகுப்புக்கும் நிரல் எழுதிப் பழகவும் தாராளமாகப் போதும். அதற்கு முந்தைய எச்61 சிப்செட்டில் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட்டின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்டோடு நின்றுவிடும். எச்81-இல் 6 கிகாபிட் போர்ட்டுகள் இரண்டு உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ள இன்டெல் பிராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியிலும் (வேகமான சேமிப்பகம்) நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போடுங்கள்.

கீழக்கரை வாசகர்: கம்பெனிகள் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மதர்போர்டு மட்டும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் முதன்மை மின் இணைப்பு 8 பின். கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருப்பது 24 பின். முழுக் கணினியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

பாம்பன் வாசகர்: பார்வைக்குப் புதிது போலிருந்த போர்டு, சில மாதங்களிலேயே செத்துவிட்டது. ஏன்?

பதில்: உப்பாக இருக்கலாம். காற்றோடு வந்து படியும் உப்புத்துகள், ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் நீரை உறிஞ்சிக் கரைந்து மெல்லிய படலமாகிவிடும். நம் கரையில் இரவு நேரங்களில் அந்த அளவைக் கடப்பது சாதாரணம். மின்னோட்டம் இருக்கும்போது அந்தப் படலமே செம்புத் தடங்களை அரிக்கிறது. வாங்கும்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கில் வெண்பொடியும், ரேம் ஸ்லாட் ஓரத்திலும் பேட்டரி பிடிப்பிலும் பச்சைக் களிம்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதே வெளிச்சத்தில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் உள்ள ஊசி போன்ற பின்களின் வரிசையையும் பாருங்கள். வளைந்த பின் மட்டும் வேறு திசையில் மின்னும். பச்சை பூத்த போர்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மண்டபம் வாசகர்: இதற்குத்தான் நாங்கள் கேபினட்டைப் பாலித்தீன் உறையால் மூடி வைக்கிறோம். உப்பு எப்படி உள்ளே போகும்?

தொண்டி வாசகர்: மூடுவது வீண். கணினியை அணைக்காமல் ஓடவிட்டால் ஈரமே அண்டாது.

பதில்: இருவரும் பாதி சரி. ஓடும் கணினியின் உட்புறம் சூடாக இருப்பதால் ஈரம் தங்காது என்பது உண்மை. ஆனால் நாள் முழுதும் சுழலும் ஃபேன் வெளிக்காற்றை உப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். பாலித்தீன் உப்பைத் தடுக்கும், உள்ளே சிக்கிய ஈரத்தையும் வெளியே விடாது. எனவே அணைத்து, நன்றாக ஆறிய பிறகு, துவைக்கக்கூடிய பருத்தித் துணியால் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் வடக்கு ஜன்னலருகே வைக்காதீர்கள்.

தொண்டி வாசகர்: துணியும் உப்பீரத்தை உறிஞ்சுமே?

பதில்: உறிஞ்சும். அதனால்தான் துவைக்கக்கூடிய துணி என்கிறேன்.

சாயல்குடி வாசகர்: வீட்டில் பெயர் தெரியாத பழைய 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பதில்: பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பாதீர்கள், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் அந்தத் தடத்தில் கிடைப்பது 168 வாட்தான். எல்லாப் பாகங்களையும் பழையதாக வாங்குங்கள், இதை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

ராமேசுவரம் வாசகர்: 8 ஜிபி ரேம் போதுமா?

பதில்: போதும். 4 ஜிபி இரண்டாகப் போடுங்கள்.

திருப்புல்லாணி வாசகர்: பழைய எஸ்எம்பிஎஸ் பரவாயில்லையா?

பதில்: சாயல்குடிக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

தேவிபட்டினம் வாசகர்: சர்வர் ரேம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: சர்வர்களுக்கென்றே செய்யப்படும் ரெஜிஸ்டர்டு வகை ரேம் சாதாரண எச்81 போர்டில் இயங்காது.

முதுகுளத்தூர் வாசகர்: லேப்டாப் திரையில் கோடு விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: லேப்டாப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், அது என் துறையன்று.