எட்டும் எய்ட்டும்

கேள்வி: எங்கள் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கேட்டமரன் ஆனது. அதுபோல நம் எட்டுதானே அவர்களின் எய்ட்? இதை உரக்கச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தயக்கம் இல்லை. அது தவறு என்பதால் சொல்வதில்லை.

கட்டுமரத்துக்குச் சாட்சி இருக்கிறது. நம் கடலுக்கு வந்தவர்கள் பொருளைப் பார்த்தார்கள், பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலிலேயே அதை எழுதிவைத்துவிட்டார். எட்டுக்கு அப்படி என்ன இருக்கிறது? காதில் ஒன்றுபோல ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லிப் பாருங்கள். நம் சொல்லின் அடி 'எண்'. கன்னடத்தில் இன்றும் 'எண்ட்டு', தெலுங்கில் 'எனிமிதி'. அந்த மூக்கொலி எய்ட்டில் எங்கே? அது வந்த வழி வேறு. லத்தீனில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட', பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்தா'. இன்று அதை எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்துகள் வாய்க்கு வராமல் கிடக்கின்றனவே, அவை அந்தப் பழைய ஒலியின் தடம். பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் விலகுகின்றன. உறவு இருந்தால் நெருங்கியிருக்கும்.

சரி, உண்மையாகவே நம்மிடமிருந்து போன ஒன்றைச் சொல்கிறேன். வடசேரி சந்தையில் மண் ஒட்டியபடி குவித்து வைத்திருக்கும் இஞ்சி. இஞ்சிவேர் பாலி மொழியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீனில் 'சிங்கிபெரி', பழைய பிரெஞ்சில் 'ஜிஞ்ஜிப்ர', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. முன்னால் சகரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது வந்ததல்ல, நம்மிடம் உதிர்ந்தது. சிறகு இறகு ஆகவில்லையா? சகரம் உதிராத பழைய வடிவமே வடக்கே போனது என்பது மொழியியலாளர் விளக்கம். வழி முழுக்கக் கால்தடம் இருப்பதால் இதை நான் எங்கும் உரக்கச் சொல்வேன்.

இதிலும் காதை நம்பினால் ஏமாறுவோம். ஜெர்மனில் இஞ்சிக்குப் பெயர் 'இங்வெர்'. அப்படியே நம் இஞ்சிவேர், நேராகப் போய்விட்டது என்று துள்ளத் தோன்றும். ஆனால் அதுவும் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்ததுதான். முதல் மெய் அங்கே போன பிறகு உதிர்ந்தது.

தமிழ்மேல் உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் பொய்ச் சாட்சி வேண்டாம் என்கிறேன். ஒரு பொய் பிடிபட்டால் இஞ்சியையும் கட்டுமரத்தையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

அப்புறம், குளச்சல்காரரான உங்களிடம் ஒரு வேலை. ஃபைபர் படகு வந்தபின் கட்டுமரம் ஏறியவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒவ்வொரு மரத்துக்கும், கயிற்றுக்கட்டுக்கும், துடுப்புக்கும், காற்றுக்கும் உங்கள் கரையில் என்ன பெயர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்கள் சொல்லும் உச்சரிப்பை மாற்றாதீர்கள். பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.