எரிந்த கார், மூழ்கிய கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காட்டுத்தீயில் வீடும் ஷெட்டும் போய்விட்டன. ஷெட்டில் நின்ற 1960களின் காருக்கு உருவம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதை மீட்க முடியுமா, ஆசையை விட்டுவிடுவதா?

பதில்: உருவத்தை நம்பாதீர்கள். எது உருகியிருக்கிறது என்று பாருங்கள், வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதை வண்டியே சொல்லிவிடும். கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்புகள். சுமார் 385 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். அலுமினியத்துக்கு 660 டிகிரி, செம்புக்கு 1,085 டிகிரி. கார்புரேட்டர் மேனிஃபோல்டின் (எஞ்சினோடு அதை இணைக்கும் குழாய்த் தொகுதியின்) மேல் வழிந்து உறைந்திருக்கிறது, ஆனால் அலுமினிய வால்வு கவர் முழுசாக இருக்கிறது என்றால் யோசிக்க இடமுண்டு. சிலிண்டர் ஹெட்டே தரையில் வெள்ளிக் குட்டையாகக் கிடந்தால் அந்த எஞ்சினைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வார்ப்பிரும்பு பிளாக் பல சமயம் தப்பிக்கும். கொதிக்கக் கொதிக்க இருந்தபோது தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் அதன்மேல் விழுந்திருந்தால் மட்டும் விரிசல் நிச்சயம் தேடப்பட வேண்டியது. வெறுங்கண்ணில் தெரியாது, காந்தத்தூள் சோதனையும் நீரழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பழைய எஞ்சின்களின் வெள்ளீயக் கலவை பேரிங்குகள் சுமார் 240 டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால், வெளியே நன்றாக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் எஞ்சினைச் சுழற்றாதீர்கள்.

பாடித் தகட்டில்தான் ஏமாற்றம் அதிகம். சூடேறிய தகடு விறைப்பை இழந்துவிடும். கூரையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே போய் 'டக்' என்று திரும்பி வந்தால் அந்தத் தகடு தளர்ந்துவிட்டது. அதை டிங்கரிங் செய்து சமன்படுத்துவதைவிட வேறு கூரை தேடுவது நல்லது. இணைப்புகளில் ஈயம் நிரப்பிச் செய்த பாடியாக இருந்தால் ஈயம் வழிந்து, இணைப்புகள் வாய் திறந்து நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது சரிசெய்யக்கூடியதுதான். பட்டை ஸ்பிரிங், காயில் ஸ்பிரிங், ஸ்டீயரிங் இணைப்புகள், போல்ட்டுகள் எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் கடினத்தன்மை நெருப்போடு போயிருக்கும், உடைவது ஓடும்போதுதான்.

சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை இழுத்துச் சரிசெய்யலாம். விரற்கடை அளவு போனால் அது சேஸிஸ் இல்லை, இரும்புக் குவியல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: சேஸிஸ் நம்பரைக் காப்பது. அலுமினியத் தகட்டில் அடித்த நம்பர் உருகியிருக்கலாம், சேஸிஸிலேயே குத்திய எண் பெரும்பாலும் நிற்கும். கிரைண்டர் வைக்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். நம்பர் இல்லாத வண்டி சட்டத்தின் கண்ணில் உதிரி பாகம்தான்.

மழைக்கு முன் வண்டி முழுவதும் எண்ணெய் தெளித்துவிடுங்கள். பெயிண்ட் போன இரும்பு நாள் கணக்கில் துருப்பிடிக்கும். தொடும்போது நுண்தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி முகக்கவசம் வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கறுத்துப் பிசுபிசுத்த ஆயில் சீல்களை வெறுங்கையால் தொடவே கூடாது. ஃபுளூரின் கலந்த ரப்பர் எரிந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வரும், அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கும்.

கேள்வி: வெள்ளத்தில் கார் டாஷ்போர்டு வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பது வரைக்கும்கூட வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரால் தப்பி, ஸ்டார்ட் செய்ததால் கெட்ட வண்டிகள் உண்டு.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். கடல்நீர் என்றால் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரால் தாராளமாக அலசிவிடுங்கள், உப்பு காய விடக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பீய்ச்சல் நின்றதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் 20 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி நாலைந்து சுற்று. இது முதல் நாளே நடக்க வேண்டும், அடுத்த வாரம் சுற்றினால் ரிங் பிடித்திருக்கும்.

பிறகு எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் சம்ப் பிளக்கைத் திறங்கள். தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும், பின்னால் பால் காபி நிறத்தில் ஆயில். புது ஆயில் ஊற்றி, கீழே சொல்லும் மற்ற வேலைகளும் முடிந்த பிறகு எஞ்சினைச் சில நிமிடம் இயக்கி வடித்து, மறுபடி ஊற்றுங்கள். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை ஆகும். கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஊளையிடும்போதுதான் ஞாபகம் வரும். பெட்ரோல் டேங்கை வடியுங்கள், பிரேக் எண்ணெய் முழுவதையும் மாற்றி வீல் சிலிண்டர்களைத் திறந்து பாருங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றையும் பிரித்துக் காய வைக்க வேண்டும்.

சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. பாடிக்குள் மரச்சட்டம் உள்ள மிகப் பழைய வண்டி என்றால் அதை வெயிலில் நிறுத்தாதீர்கள். மரம் வேகமாகக் காய்ந்தால் பிளந்து, கதவே சேராது. கதவுகளைத் திறந்து, நிழலில், காற்றோட்டமாக, வாரக்கணக்கில் காயட்டும்.

கேள்வி: தீ எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் காரின் மேல் சாம்பல் அரை விரல் கனம். துடைத்துவிடலாமா?

பதில்: துணியை வைத்தால் கீறல் விழும். லேசாகத் தண்ணீர் தெளித்தாலோ சாம்பல் காரமாகிப் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். முதலில் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரங்களை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இல்லாவிட்டால் அங்கே சேறாகி வடிகால் அடைபடும். பிறகு மேலிருந்து கீழாக, அழுத்தமில்லாத நிறைய தண்ணீர், கடைசியில் கார் ஷாம்பு. ஏர் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வெளியேறச் சொல்லும்போது பழைய காரை எடுத்துக்கொண்டு போவதா, தினசரி ஓட்டும் காரையா?

பதில்: ஆட்கள் போவது தினசரிக் காரில்தான். புகைக்குள் நத்தை வேகத்தில் நகரும் வரிசையில் பழைய எஞ்சின் சூடேறி, பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து நின்றால், உங்களுக்குப் பின்னால் வருபவர்களின் வழியும் போச்சு. பழைய வண்டியை முதல் எச்சரிக்கை வந்த அன்றே நகர்த்துங்கள். அதற்கு அது ஓடும் நிலையில் இருக்க வேண்டும்: பேட்டரி சார்ஜில், டேங்க் பாதிக்கு மேல், மூக்கு வாசலைப் பார்த்து.

விட்டுப் போக நேர்ந்தால் துணி உறையை எடுத்துவிடுங்கள், பறந்து வரும் தீப்பொறிக்கு அது திரி. கண்ணாடிகளை ஏற்றி, புல்லில்லாத தரையில், கட்டடத்துக்குத் தள்ளி நிறுத்துங்கள். மோட்டார் வைத்த ஷெட் கதவைக் கரண்ட் இல்லாமல் திறப்பது எப்படி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். தொங்கும் கயிற்றை இழுத்தால் கதவு கைக்கு விடுபடும். 2017 தீக்களில் கரண்ட் போய்க் கதவு திறக்காமல் சிலர் சிக்கியதால்தான் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் புதிய கதவு மோட்டார்களுக்குக் கரண்ட் போனாலும் இயக்கும் பேட்டரி கட்டாயமானது.

கேள்வி: இன்சூரன்ஸ் இருக்கிறது. போதும்தானே?

பதில்: எந்த மாதிரி என்பதில் இருக்கிறது சூட்சுமம். மூன்றாம் நபருக்கான பாலிசி தீக்கும் வெள்ளத்துக்கும் பைசா தராது. சாதாரண முழு பாலிசி தேய்மானம் கழித்த விலையைத் தரும், பழைய காருக்கு அது அவமானமான தொகை. முன்கூட்டியே இரு தரப்பும் விலையை ஒத்துக்கொண்டு எழுதும் பாலிசியைக் கேளுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொகையைப் புதுப்பியுங்கள். ஓட்டாமல் நிறுத்திய வண்டியை வீட்டு பாலிசி பார்த்துக்கொள்ளும் என்பது பெரும்பாலும் தப்புக் கணக்கு. அலமாரியில் சேர்த்து வைத்த உதிரி பாகங்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

முழு நஷ்டம் என்று எழுதித் தந்தால் எரிந்த வண்டி இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். அதை நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால் கையெழுத்துக்கு முன் பேசுங்கள்.

கேள்வி: ரசீதுகள், ஆர்.சி. எல்லாம் தீ தாங்கும் பெட்டியில். சாம்பலுக்குள் பெட்டி கிடைத்துவிட்டது. உடனே திறக்கலாமா?

பதில்: சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே கருகும் நிலையில் உள்ள காகிதம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளலாம். வெளிப்புறம் கைக்குக் குளிர்ந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். காகிதத்துக்கான பெட்டிகள் உள்ளே 177 டிகிரியைத் தாண்டாதபடி செய்யப்பட்டவை; அந்தச் சூட்டில் பென் டிரைவும் ஃபோட்டோ நெகட்டிவும் தாங்காது. உள்ளே ஈரமும் இருக்கும். ஒட்டிய தாள்களைப் பிரிக்க முயலாமல், கட்டாகவே பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஆவணம் பழுதுபார்ப்பவரைத் தேடுங்கள்.