லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள் மூன்றில் மிகச் சிறந்தது எது, ஏன்?

பீட்டர் ஜாக்சன் இயக்கிய லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், 2001இல் வெளியான முதல் படமான த ஃபெலோஷிப் ஆஃப் த ரிங் என்பதே என் பதில். 11 ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 11ஐயும் வென்றது மூன்றாம் படம். 13 பரிந்துரைகளில் 4 விருதுகளை மட்டுமே பெற்றது முதல் படம். அப்படியிருக்க முதல் படத்தை முன்னிறுத்துபவர் அதற்கான காரணத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

இம்மூன்றும் தனித்தனிக் காலங்களில் எடுக்கப்பட்டவை அல்ல. 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை நியூசிலாந்தில் மூன்றுக்குமான முதன்மைப் படப்பிடிப்பு ஒரே ஓட்டமாக நடந்தது. அதன்பின் கூடுதலாகத் தேவைப்பட்ட காட்சிகளை மட்டும் அவ்வப்போது சேர்த்தார்கள். முதன்மை நடிகர்கள், ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லெஸ்னி, இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர், ஜாக்சனுடன் திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் ஆகியோர் மூன்று படங்களுக்கும் பொதுவானவர்கள். ஆகவே ஒன்றில் நடிப்பு மேல், மற்றொன்றில் இசை மேல் என்று வாதிடுவதில் பெரிய பயன் இல்லை. கதையின் எந்தப் பகுதி எந்தப் படத்துக்கு அமைந்தது, அதற்கு எத்தகைய வடிவம் கொடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இக்கதையின் உண்மையான எதிரி இருளின் அதிபதி சௌரானின் படை அன்று, அவன் வார்த்த, அழித்தே ஆக வேண்டிய மோதிரம்தான். ஒருவருடைய தீய குணத்தைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, அவருடைய நல்லெண்ணத்தின் வழியாகவே உள்ளே நுழைவது அதன் இயல்பு. முதல் படம் தொடக்கம் முதல் முடிவு வரை இந்த ஒன்றையே பற்றி நிற்கிறது. வீட்டை விட்டுப் புறப்படும், ஹாபிட் என்னும் சிற்றுருவ இனத்து முதியவரான பில்போவின் கையிலிருந்து விழும் அச்சிறு மோதிரம் துள்ளாமல், உருளாமல், பெரும்பாறைபோல் தரையில் படிகிறது. பில்போவுக்குப் பின் அதைச் சுமக்கும் இளம் ஹாபிட் ஃப்ரோடோ அதை நீட்டும்போது மாபெரும் மாயவித்தகரான கான்டால்ஃப் பதறிப் பின்வாங்குகிறார். நன்மை செய்யும் ஆசையால்தான் அதைப் பயன்படுத்துவேன், ஆனால் என் வழியாக அது கொடுமையே செய்யும் என்கிறார். எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியல் ஒரு கணம் அதன் பிடிக்குள் சென்று மீள்கிறாள். இறுதியில், உடன் பயணிக்கும் மனித வீரன் அராகோர்ன், ஃப்ரோடோவின் திறந்த உள்ளங்கையில் இருக்கும் மோதிரத்தின்மேல் அவனுடைய விரல்களையே மடித்து மூடிவிட்டு அவனைப் போகவிடுகிறான். இவற்றில் எதிலும் மோதிரத்துக்கு எதிராக வாள் உருவப்படவில்லை. ஆனாலும் மூன்று படங்களிலும் என்னை மிகவும் பதற வைப்பவை இவைதாம்.

இந்தப் படத்தின் உச்சம் என்று நான் கருதுவது, ஃப்ரோடோவுக்குத் துணையாக வரும் இன்னொரு மனித வீரன் போரோமிரின் கதை. நல்ல மனம் திரிவதைக் கைகேயியிடம் கண்டவர்களுக்கு இந்த வகைத் துயரம் புதிதல்ல. ஷான் பீன் அவனை வில்லனாக நடிக்கவேயில்லை. பனிமலையில் ஃப்ரோடோ சறுக்கி விழ, சங்கிலியோடு கிடக்கும் மோதிரத்தை எடுத்து, இத்தனை சிறிய பொருளுக்காக இவ்வளவு அச்சமா என்று வியந்தபடி நிற்கிறான். அராகோர்னின் கை வாளின் பிடிக்குச் செல்கிறது. பிறகு போரோமிர் அதைத் திருப்பிக் கொடுத்து, ஃப்ரோடோவின் தலைமுடியைச் செல்லமாகக் கலைத்துவிட்டுப் போகிறான். உடன்வரும் ஹாபிட்டுகள் மெர்ரிக்கும் பிப்பினுக்கும் வாள் வீசப் பழக்கித் தருபவனும் அவன்தான். மோரியா சுரங்கத்தில் கான்டால்ஃபை இழந்த பின், உடனே கிளம்பச் சொல்லும் அராகோர்னிடம், அழுவதற்கு அவர்களுக்குச் சற்றே அவகாசம் கொடு என்று கெஞ்சுபவனும் அவன்தான். தன் நகரத்தையும் மக்களையும் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பே அவனை ஃப்ரோடோவின்மேல் பாய வைக்கிறது. அடுத்த சில நிமிடங்களில், தான் வாள் பழக்கிய அந்த இருவரையும் காக்க நின்று, அம்புக்கு மேல் அம்பு தைத்தும் எழுந்து எழுந்து போரிட்டு வீழ்கிறான்.

படங்களுக்கு மூலமான டோல்கீனின் நூலில் இந்த மரணம் இரண்டாம் பகுதியின் முதல் அத்தியாயத்தில் வருகிறது; சண்டையின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமலேயே நடந்து முடிகிறது. அதை முதல் படத்தின் இறுதிக்குக் கொண்டுவந்தது திரைக்கதையாசிரியர்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு என்பேன். ஒரு நீண்ட கதையின் மூன்றில் ஒரு பங்காக நின்றுவிடாமல், தனக்கென்று தொடக்கமும் வீழ்ச்சியும் மீட்சியும் உடைய படமாக இது ஆனது அதனால்தான். அராகோர்ன், இறந்த போரோமிரின் முன்கைக் கவசங்களை எடுத்து அணிந்துகொள்கிறான். அடுத்த படங்களிலும் அவற்றை அவன் கைகளில் காணலாம்.

2002இல் வந்த த டூ டவர்ஸ் படத்துக்கு இந்த ஒருமை இல்லை. மூன்று குழுக்களுக்கிடையே மாறி மாறிச் செல்வதால் எந்தக் குழுவோடும் நம்மால் முழுமையாக நடக்க முடிவதில்லை. ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் நடக்கும் இரவுப் போர் இன்றும் வியக்கத்தக்கது. ஆண்டி செர்கிஸ் உயிர்கொடுத்த, மோதிரத்தால் சீரழிந்த கோலம் என்னும் பாத்திரம் தன்னோடு தானே வாதிடும் காட்சி, மோதிரத்தின் வேலையை ஒரே முகத்தில் காட்டிவிடுகிறது. ஆனால் போரோமிரின் தம்பி ஃபாராமிரிடம் இப்படம் தவறு செய்தது. சாலையோரம் கிடந்தாலும் மோதிரத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்பவன் நூலின் ஃபாராமிர். படத்தின் ஃபாராமிரோ ஃப்ரோடோவைச் சிறைப்பிடித்து ஆஸ்கிலியாத் நகருக்கு இழுத்துச் செல்கிறான். ஒருவன் எளிதில் மறுத்துவிட்டால் மோதிரத்தின் அச்சுறுத்தல் குறைந்துவிடும் என்று திரைக்கதையாசிரியர்கள் இதற்கு விளக்கம் அளித்தார்கள். அந்த விளக்கத்துக்கு அவர்களுடைய முதல் படமே மறுப்பு. அதில் கான்டால்ஃபும் கலாட்ரியலும் அராகோர்னும் மறுக்கும்போது அச்சுறுத்தல் குறையவில்லை, கூடியது. மறுப்பதற்கு அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை நாம் பார்த்தோம் அல்லவா? அதையே ஃபாராமிருக்கும் செய்திருக்கலாம்.

2003இன் த ரிட்டர்ன் ஆஃப் த கிங் படத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். மலைக்கு மலை அபாய அறிவிப்புத் தீ பற்றி எரியும் காட்சியும், சாவை நோக்கித் தெரிந்தே பாயும் ரோஹன் நாட்டுக் குதிரைப்படையும், ஃப்ரோடோவைத் தோளில் சுமந்து அவன் தோழன் சாம் ஏறும் எரிமலைச் சரிவும் திரையில் கண்ட பேரனுபவங்கள். பலமுறை முடிந்து முடிந்து தொடங்குகிறது என்று பலர் குறைகூறும் அதன் இறுதிப் பகுதியைக்கூட நான் ஆதரிப்பேன். காயம் ஆறாத ஃப்ரோடோ கப்பலேறுவதைக் காட்டாமல் இக்கதையை முடிக்க இயலாது.

எனினும் முதல் படம் கட்டிக் காத்த ஒன்றை இது சில இடங்களில் கைவிடுகிறது. மினாஸ் டிரித் நகருக்காக அத்தனை குதிரைவீரர்கள் உயிர்கொடுத்த களத்தில், பச்சை வெள்ளமாய்ப் பாயும் ஆவிப்படை சில நொடிகளில் போரை முடித்துவிடுகிறது. நூலில் அந்த ஆவிகள் தெற்கே எதிரியின் கப்பல்களைக் கைப்பற்ற உதவுவதோடு விடுவிக்கப்படுகிறார்கள். நகரைக் காக்க வருபவர்கள் மனிதர்களே. ரொட்டித் துணுக்குகளைக் காரணம் காட்டி ஃப்ரோடோ சாமைத் துரத்துவதும் நூலில் இல்லை. சாம் அழுதபடியே இறங்கிப் போவதை, இரண்டு படங்களாக அவனை அறிந்த நான் நம்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக எரிமலையின் உள்ளே நடப்பது. நூலில் மோதிரத்தைப் பறித்த களிப்பில் ஆடும் கோலம் தானே தவறி விழுகிறான்; முன்பு பில்போவும் ஃப்ரோடோவும் அவனைக் கொல்லாமல் விட்ட இரக்கமே உலகைக் காப்பாற்றுகிறது. படத்தில் ஃப்ரோடோவும் கோலமும் கட்டிப் புரண்டு விளிம்பிலிருந்து சரிகிறார்கள். விறுவிறுப்பு கூடியிருக்கிறது, பொருள் மெலிந்திருக்கிறது. மோதிரத்தின் முன் ஃப்ரோடோவும் தோற்றான் என்ற கசப்பான உண்மையைப் படம் மறைக்கவில்லை என்பதால் மட்டுமே இதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் பதிப்புகளையும் கவனிக்க வேண்டும். தீயவர் பக்கம் சாய்ந்த மாயவித்தகர் சாருமானின் முடிவு மூன்றாம் படத்தின் திரையரங்கப் பதிப்பில் இடம்பெறவில்லை. நீட்டிக்கப்பட்ட பதிப்பில்தான் அதைக் காண முடியும். ஆகவே அப்படத்தை நீண்ட வடிவில் பார்த்த பிறகே எடைபோடுவது நியாயம். முதல் படத்துக்கு அந்தத் தேவை இல்லை. நீண்ட பதிப்பில் கூடுதலாக வரும் காட்சிகள் இனிமையானவை என்றாலும், 178 நிமிடத் திரையரங்கப் பதிப்பிலேயே அது முழுமையாக இருக்கிறது.